அணைக்குள் நின்றுபோன பரராசசிங்கம்

இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துவிட்ட பரராசசிங்கம், ஒவ்வொரு பின்னேரமும் ஹனோவரிலுள்ள தன் வீட்டுக்குத் தலை முதல் கால் வரை நனைந்தபடி வந்துகொண்டிருந்தார். மழை பெய்யாத நாளிலும் அப்படித்தான். சப்பாத்தை வாசலில் கழற்றி வைப்பார், தன் கதிரையில் சாய்ந்திருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார், இருட்டியதும் எழும்பிப் போவார். கீழ் வீட்டு எவ்லின் தன் முகட்டில் ஈரம் ஊறுகிறதென்று முறையிட வந்தாள். காரணத்தைச் சொன்னதும் அனுதாபம் தெரிவித்து, பழைய துவாய் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிழை எங்கே நடந்ததென்று மனைவி குணேஸ்வரிக்குத் தெரியும். உயிரோடிருந்த காலத்தில் அவர் ஸ்பெயினில் மலைமேலுள்ள ஒரு பழைய சிற்றூருக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போயிருந்தார். இடிந்த மதில், நாரை கூடுகட்டிய தேவாலயக் கோபுரம், கல் பதித்த ஒழுங்கைகள் எதுவும் அவரை அசைக்கவில்லை. கீழே விரிந்துகிடந்த நீர்த்தேக்கத்தைப் பார்த்ததும்தான், "அப்பிடியே இரணைமடுக் குளம்" என்று சொல்லி நெடுநேரம் நின்றார். அந்தக் குளம் இருக்கும் கிளிநொச்சியில் பிறந்தவர் அல்லவா? அதை மனதில் வைத்து அவர் சாம்பலை அந்த ஸ்பெயின் நீர்த்தேக்கத்திலேயே கொண்டுபோய்க் கரைத்தார்கள். ஓடுகிற தண்ணீரிலோ கடலிலோ கரைக்க வேண்டியதை அணைகட்டி நிறுத்திய தண்ணீரில் கரைத்தால் மனிதர் எங்கே போவார்? மகன் மதீசன் மட்டும், "தண்ணி எண்டால் தண்ணிதானே, அம்மா" என்றான். தகப்பன் வரும் நேரம் அவன் தன் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான்.

வழியில் மறித்து வைத்துவிட்டேனே என்று குணேஸ்வரி நெஞ்சு வெந்தாள். ஸ்பெயினிலோ மழையில்லை, அணை திறக்கப்படவில்லை. அந்நிய நாட்டுக்கு மழை கேட்டு அவள் வைத்த நேர்த்திக்கடன் கோயில் ஐயருக்கே புதினமாக இருந்தது. மூன்றாம் வருடம் மாசியில் அங்கே மழை கொட்டியது. அணைக் கதவுகள் திறந்து தண்ணீர் கடலை நோக்கிப் பாய்வதைக் கைத்தொலைபேசியில் பார்த்தாள். அவருடைய கதிரையைத் துடைத்துச் சுவரோரம் தள்ளிவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

அன்று பின்னேரம் அழைப்புமணி அடித்தது. பரராசசிங்கம் நின்றார், தலைமயிர் காய்ந்து, சட்டை மடிப்புக் குலையாமல்.

"இஞ்சேருங்கோ, வழி திறந்திட்டுதே. போகேல்லையோ?"

"போகலாம்தான்" என்றார். இறந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. "தேத்தண்ணி கிடக்கோ?"

குணேஸ்வரி கேத்தலை அடுப்பில் வைத்தாள். சத்தம் கேட்டு மதீசன் அறையைவிட்டு வெளியே வந்தான். தகப்பனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, "அப்பா, இப்பவும் சீனி போடுறனீங்களோ?" என்று கேட்டான்.