ஆள் பற்றாக்குறை

வரி ஆபீஸ் தணிக்கையாளர் பெர்லிதா இரண்டு வருஷமாகத் தோண்டித் துருவிக்கொண்டிருந்தது, துறைமுகத்தில் சூரை மீனை டப்பியில் அடைக்கும் ஆலையின் கணக்கை. டப்பிகளை ஹாங்காங்கில் இருக்கும் தன் சொந்தக் கம்பெனிக்கே அடிமாட்டு விலைக்கு விற்றதாகக் காட்டிவிட்டு, இங்கே நஷ்டம் நஷ்டம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது ஆலை. அந்தக் குட்டை அவள் உடைத்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் வரி கேட்டு நோட்டீஸ் போகவேண்டும். தவறினால் காலாவதி, அப்புறம் ஆண்டவனே இறங்கி வந்தாலும் ஒரு பேசோ வாங்க முடியாது.

ஆலைக்காக வாதாட ஏழு பேர். அதில் மூன்று பேர் போன வருஷம் வரை வரி ஆபீசில் அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள். அரசாங்கத்துக்காக அவள் ஒருத்தி. ஆபீஸ் கொடுத்த லேப்டாப் நினைத்தால் அணைந்துவிடும். காகிதம்கூடச் சொந்தக் காசுதான். ஆலைக்குப் போக வண்டி கேட்டால் டிரைவர் இல்லை என்பார்கள்.

அந்த மாதம் பிறந்ததுமே பிரிவுத் தலைவர் ஒர்லாண்டோ கூப்பிட்டார். வாய் நிறைய லும்பியா, எண்ணெய் சொட்டும் பொரித்த சுருள்.

"பெர்ல், நாளையிலேருந்து நீ, ரசீது தராத கடைக்குச் சீல் வைக்கிற குழுவுல. ஆள் பத்தல."

"அப்ப ஆலை நோட்டீசு, சார்?"

"நெஸ்தர் பாத்துப்பான். ஒரு மெமோ போட்டுடறேன்."

"தணிக்கை உத்தரவுல என் பேருதானே இருக்கு? வேற ஆள் தொட்டா மொத்தத் தணிக்கையும் செல்லாது. புது உத்தரவு மேலிடத்துலேருந்து வர ரெண்டு மாசம் ஆகும். உங்களுக்குத் தெரியாததா, சார்?"

"தெரியும்மா. ஆள் பற்றாக்குறை. நான் என்ன மரத்துலேருந்தா பறிச்சுக்கிட்டு வர?"

"இந்த ஒரு மாசம் விட்டுடுங்க, சார்."

"ரெண்டு வருஷத்துல நீ முடிச்சது எத்தன? பூஜ்யம். அவங்க ஒரு நாள்ல இருபது கடை மூடறாங்க. மேல எண்ணிக்கையத்தான் கேக்கறாங்க."

சொல்லிவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயை அவளுடைய அறிக்கையின் மேலட்டையிலேயே துடைத்தார். பெர்லிதா அறிக்கையை இழுத்து எடுத்துக்கொண்டாள். இந்த ஆள் ஆலையிடம் காசு வாங்கினானா என்றுகூடத் தெரியவில்லை. வாங்காமலே இவ்வளவு செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தாள். அங்கேயும் படிக்க ஆளில்லை போலும்.

மாதக் கடைசி நாள் எல்லோரும் 'மனாங்', அதாவது அக்கா, என்று கூப்பிடும் செலிங்கின் சாப்பாட்டுக்கடைக்குப் போனார்கள். இதற்கு மட்டும் இரண்டு வேன் கிடைத்தது, டிரைவரோடு. பன்னிரண்டு பேர், இரண்டு போலீஸ், பேனர், படம் எடுக்க ஒருவன். கடையில் இருந்ததோ நாலு மேசை, ஒரு பானை மீன்தலைக் குழம்பு.

"ரசீதுப் புத்தகம் தீந்துபோச்சு, மேடம். அச்சடிக்க நீங்கதான் அனுமதி தரணும். கேட்டு ஒரு மாசமாச்சு" என்றாள் செலிங்.

"அதப் பாக்க ஆளில்ல" என்றான் குழுவில் ஒருவன், வெட்கமே இல்லாமல்.

பெர்லிதாவின் கையில் சீல் காகிதத்தையும் பசை டப்பாவையும் திணித்தார்கள். "கொஞ்சம் சிரிங்க, மேடம்" என்றான் படம் எடுப்பவன். காறித் துப்பலாம் போல இருந்தது அவளுக்கு.

செலிங் வந்த தலைகளை எண்ணிப் பார்த்தாள்.

"நாலு மேசைக்கு இத்தன பேரா! உக்கார வெக்கவே எடம் பத்தாதே. எங்கிட்டச் சாப்பிடறவனெல்லாம் எதிர்ல இருக்கற சூரை மீன் ஆலைக்காரன்தான், மேடம். நாலு மேசைக்கே இந்தக் கூட்டம்னா, அவ்ளோ பெரிய ஆலைக்கு ஒரு நூறு பேராச்சும் போவீங்கள்ல?"

"ஒருத்திதான், மனாங்."

"ஒரே ஒருத்தியா? அந்தப் புண்ணியவதி இப்ப எங்க?"

"உங்க கதவுல பசை தடவிக்கிட்டிருக்கா."