தீரியின் ஒடுங்கிய சட்டி

ஏலத்தை வேடிக்கை மட்டும் பார்ப்பதாகச் சத்தியம் செய்திருந்த அன்சார், பிற்பகல் மூன்றேகாலுக்கு ஒடுங்கிய அலுமினியச் சட்டி ஒன்றை எட்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டான். கஞ்சிக்கோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மொய்தீன் ராவுத்தரின் மகனுக்கு இது வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய வியாபாரம் அல்ல.

மியான்மரின் ராணுவ ஆட்சியை எதிர்ப்பவர்களுக்காக முகநூல் நேரலையில் நடந்த ஏலம் அது. விலை பாதி ஏறியதும் கூட்டம் மந்தமாகிவிட்டது. அன்சாருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஊர்ப் பள்ளிவாசல் ஏலத்தில் ஒரு சேவலுக்கு விலை ஏறாவிட்டால், கையில் பத்துப் பைசா இல்லாத எவனாவது ஒருவன் பெரிய தொகையாகக் கத்திச் சூடேற்றுவான். உடனே கல்ஃப்காரர் ஒருவர் ரோஷத்தோடு மேலே போவார். ஊரில் அந்த எவனாவது ஒருவன் பத்து வருடமாக அன்சார்தான். இங்கும் கத்தினான். ஆனால் இங்கே இருந்தவர்கள் பண்பானவர்கள். இந்தியச் சகோதரர் ஆசைப்படுகிறார் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

“ஏண்டா, எடைக்குப் போட்டா நூத்தம்பது ரூவா தேறுமா இது?” அக்கா அன்சிலா கடைக் கல்லாவிலிருந்து அவன் கைபேசியை எட்டிப் பார்த்தாள். “அத்தாகிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் மெதுவா!”

அத்தாகூடப் பரவாயில்லை. ஆய்வு வழிகாட்டி கௌசிகா டீச்சரிடம்தான் பயம். ஆய்வாளன் பார்க்கலாம், கலந்துகொள்ளக் கூடாது என்பது அவர் சட்டம். ஒடுங்கின சட்டிக்கும் கிழிந்த குடைக்கும் ஜனங்கள் ஏன் இவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதுதான் அவனுடைய ஆய்வுக் கேள்வி. நாற்பத்து மூன்று பேரிடம் கேட்டாயிற்று. நாற்பத்து மூன்று பேரும் சிவப்பு இதயம் ஒன்றை அனுப்பி நிறுத்திக்கொண்டார்கள். “இதயத்த வெச்சு அத்தியாயம் எழுத முடியாது அன்சார். திங்கட்கிழமைக்குள்ள பதில் வேணும், இல்லைன்னா அடுத்த வருஷம் வா” என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

கைபேசி அதிர்ந்தது. ஏலம் நடத்திய தீரி! நாட்டைவிட்டு ஓடிவந்து எங்கோ வாடகை அறையில் இருப்பவள். திரையில் கையில் சட்டியோடு தெரிந்தாள். அன்சாரின் ஆங்கிலம் நடுங்கியது. தான் ஆராய்ச்சி மாணவன், தப்பு நடந்துவிட்டது, உதவித்தொகையிலிருந்து கட்டிவிடுவேன், முகநூல் குழுவிலிருந்து தூக்கினாலும் நியாயம்தான் என்று மூச்சுவிடாமல் கொட்டினான்.

“இங்கிலீஷ்னா ஊமைத்துரை மாதிரி இருந்தவன் என்னமாப் பேசறான்!” என்றாள் அன்சிலா.

பேசிக்கொண்டே அவன் கண் சட்டியின் அடியில் நின்றுவிட்டது. பாத்திரக்கடைக் கண், அது சொன்னபடி கேட்காது. ராணுவத்தை எதிர்த்து ஜனங்கள் வீடுவீடாகப் பாத்திரம் தட்டினார்களே, அந்தச் சட்டி என்றல்லவா நினைத்திருந்தான்? கரண்டியால் தட்டினால் சின்னச் சின்னதாக நிறையப் பள்ளம் விழும். இதில் ஒரே ஒரு பெரிய ஒடுக்கு.

“இது போராட்டத்தில் தட்டிய சட்டிதானா?”

அன்சிலா தலையில் அடித்துக்கொண்டாள். தீரி சிரித்தாள்.

“இல்லை. இங்கே சந்தையில் வாங்கியது. படியில் நான்தான் கீழே போட்டேன். முதல் நாளே சொல்லிவிட்டேன், எல்லோருக்கும் தெரியும். உனக்குத்தான் பர்மிய மொழி தெரியாது.”

“தெரிந்துமா வாங்குகிறார்கள்?”

“பணம் கட்டுவார்கள், சட்டியை என்னிடமே விட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் மறுபடி விற்பேன். நீ பதினேழாவது ஆள்.”

“அப்படியானால் அவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது?”

இந்த முறை இதயம் வரவில்லை. தீரி சட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்த்தாள்.

“பணம் எங்கள் ஆட்களுக்குப் போகிறது, அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் சும்மா கேட்டால் ஒரு முறை கொடுப்பார்கள். ஏலம் என்றால் வாராவாரம் வருகிறார்கள். எங்கள் பாஷையில் கத்தி விலை கேட்கலாம், ஒருவரை ஒருவர் கேலி செய்யலாம். யார் விலை கேட்கிறார்கள் என்று பார்த்தால், யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதுதான் கிடைக்கிறது. எழுதிக்கொள்.”