சொட்டும் இலைகள்

தஜிகிஸ்தானின் வக்‌ஷ் பள்ளத்தாக்கில் எலுமிச்சையைக் குழியில் நட்டு, குளிர் முடியும்வரை கண்ணாடியால் மூடிவைப்போம். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வரும் விருந்தாளிகள் பார்த்து அசரட்டும் என்று என் கணவர் நஸ்ருல்லோ முந்தின நாளே மூடிகளை எடுத்துவிட்டார்.

"ராத்திரி குளிர்ல இலையெல்லாம் உறைஞ்சிடுங்க."

"உனக்கு எப்பவும் பயம்தான்."

காலையில் இலைகள் விறைத்து, பச்சையாகப் பளபளத்தன.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல."

"உள்ள ஐஸ் கட்டி, இலையோட செல் தோலெல்லாம் கிழிஞ்சிருக்கும். வெயில்ல உருகினா உள்தண்ணி பூரா வெளிய வந்துடும்."

அவர் சிரித்தார்.

மதியம் விருந்தாளிகள் வந்தபோது இலைகள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின; நுனிகளில் நீர் சொட்டியது.

"இப்பதான் தண்ணி தெளிச்சியா தம்பி?" என்றார் அவருடைய அக்கா.

"ஆமாக்கா" என்றவர், என்னைக் கெஞ்சலாகப் பார்த்தார்.

நான் தேநீர் ஊற்றப் போனேன்.