இரண்டு படத்திலும் இருந்த புளியமரம்

ஆர்க்காட்டு நவாபின் வரைபடத்திலும் மைசூர்க்காரர்களின் வரைபடத்திலும் ஒரே புளியமரம் இடம்பிடித்திருந்ததால், ஓடைக்கொல்லையில் அந்த மரத்தடியில் கிடப்பவர்களுக்குச் சாவு வருவதில்லை. சிறுத்தை குதறிய ஆடுகூட அங்கே மாதக்கணக்கில் அசைபோட்டுக் கிடக்கும். ஏனென்று ஊருக்கு விளங்கியது எழுபத்து நாலில்தான். வேலூரில் பழஞ்சாமான் வியாபாரம் பார்த்த பாண்டுரங்கன், செல்லரித்த இரண்டு படங்களையும் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். நவாபின் எல்லை ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது. மைசூர் எல்லை பாறையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. நடுவில் மாட்டிய துண்டு நிலத்துக்கு இருவருமே உரிமை கொண்டாடியிருந்தார்கள். ராஜ்ஜியங்கள் மண்ணாய்ப் போன தாக்கல் எமதூதர்களுக்கு எட்டவில்லை. இந்த உயிர் உன்னுதா என்னுதா என்று ஆர்க்காட்டுத் தூதனும் மைசூர்த் தூதனும் இன்னமும் மல்லுக்கு நிற்க, உயிர் தன்பாட்டுக்கு உடம்பிலேயே கிடந்தது. எல்லை வழக்கு என்றால் லேசில் தீருமா? ஊரார் அந்தத் துண்டைச் சுற்றிக் கல் நட்டார்கள்.

மரம் வேடியப்பனுடையது. எழுபத்தாறு மாசியில் அவன் மகள் வடிவுக்கு விஷக்காய்ச்சல் முற்றியது. டாக்டரைக் கூட்டிவரும்வரை மரத்தடியில் கிடத்தினால் போதும் என்று அவன் பெண்சாதி ராணியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அது புளி உலுக்கும் நேரம். படுக்கை போட்டால் பழம் மிதிபடும், பொட்டைப் பிள்ளைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று புருஷன் வழியை மறித்தான். கல்லுக்கு வெளியிலேயே, தாயின் தோளில் பிள்ளை செத்தது.

மறுவருஷம் அதே மரத்தின் உச்சியிலிருந்து வேடியப்பன் விழுந்தான். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. வலி மட்டும் குறையவில்லை. எறும்பு மொய்த்தது. அவனைக் கல்லுக்கு வெளியே இழுப்பது கொலை, தாலி கட்டிக்கொண்டவளுக்கு மட்டுமே அந்த உரிமை என்று ஊர்க்கவுண்டர் பஞ்சாயத்தில் தீர்த்துச் சொன்னார்.

ராணியம்மாள் தினமும் சாமைக் கூழ் ஊற்றினாள். காக்கை விரட்டினாள்.

"ஒரு எட்டு அந்தாண்ட இஸ்துப் போடு, ராணி," என்று அவன் அழுதான்.

"புளியம்பயம் மெதிபடும். கம்முனு கெட."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவமடி என்றவர்களிடம், ஆமாம், பாவந்தான் என்றாள். ஒன்பது மழைக்காலம் அப்படிப் போயிற்று.

எண்பத்தாறில் அவள் ரத்தம் கக்கினாள். ஊரார் மரத்தடிக்குத் தூக்கிப்போனார்கள். அவள் மறுத்து, கல்லுக்கு ஒரு முழம் வெளியே, அவன் கண்ணெதிரில் பாய் போடச் சொன்னாள்.

"நீ பூட்டா என்னை யாரு இஸ்துப் போடுவா?" என்றான்.

"யாருமில்ல," என்றாள். பொழுது சாய்வதற்குள் சுகமாகச் செத்தாள்.

உரிமைக்காரி போய்விட்டதால் பஞ்சாயத்துக்கும் பேச ஒன்றுமில்லை. மறுமாசியில் நல்ல விளைச்சல். பழம் பொறுக்க வந்த பெண்கள் அவன் முகத்தில் விழுந்ததையும் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, அடுத்த கிளைக்கு நகர்ந்தார்கள்.