கண்மணியில் ஒரு கடை

நான்கு மணிக்குக் கதவு திறக்கும். இப்போது மூன்று ஐம்பது.

"சிக்ரிட், இங்க வா பொண்ணே! கண்ணுக்குள்ள கடை பேரையே படிக்க முடியுது. அசத்திட்டே!"

கத்தியவர் வெர்ன் பெல்டோ. நாடெங்குமிருந்து படங்கள் வரும் இந்தப் புகைப்படக் கண்காட்சியை நடத்துபவர். வாயெல்லாம் பல்.

சிக்ரிட் தன் படத்தருகே ஓடினாள்.

சுவரில் டார்லாவின் முகம், ஆளுயரத்துக்கு. ஒஹையோவில் அடித்து நொறுக்கிய புருஷனிடமிருந்து தப்பி வந்து, இங்கிருந்து தள்ளி ஒரு ஊரில், பேக்கரியில் மாவு பிசைபவள். அவன் இன்னும் தேடுகிறான். 'ஊரும் தெரியக் கூடாது, பேரும் தெரியக் கூடாது' என்ற நிபந்தனையோடுதான் சிக்ரிட்டின் கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

சிக்ரிட் வாக்கைக் காப்பாற்றினாள். பின்னால் கறுப்புத் துணி. தலைப்பு, 'ஒரு பெண்'. ஆனால் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் முகம் பிணமாகிவிடும். வகுப்பில் முதல் நாள் சொல்லித் தருவது அது. அதற்காக டார்லாவைக் கடையின் பெரிய ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தாள். உள்ளேயிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரியும் ஜன்னல் கண்ணாடி எழுத்து, கண்மணியில் பட்டு நேராகிவிட்டது. லேப்டாப்பில் அது வெறும் பொட்டு. ஆறடி பிரிண்டில்?

டோர்வால்ட் பேக்கரி, டுலூத்.

"வெர்ன், இதைக் கழட்டணும். இப்பவே!"

"சுவரோட ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கு. ஆள் வர அரைமணி ஆகும். நடுவருங்க பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் கழட்டலாம். உன் படத்துக்குத்தான் பரிசுன்னு ஊரே பேசுது. தனிக் கண்காட்சி, தாயி!"

"படம் எடுக்கப் பத்திரிகைக்காரி வந்துட்டாளா?"

"வாசல்ல நிக்கிறா. ராத்திரிக்குள்ள நெட்ல போட்டுடுவா."

மூன்று ஐம்பத்தைந்து.

சிக்ரிட் பையைக் கவிழ்த்தாள். படத்தில் தூசிப் புள்ளிகளை மறைக்கும் மெல்லிய தூரிகை, கறுப்பு மை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"ஏய், பைத்தியமா பிடிச்சிருக்கு? ரெண்டு வருஷ உழைப்புடி!"

இடது கண்ணில் ஜன்னல் அணைந்தது. பிறகு வலது கண். நாற்காலியை அவள் ஓரம் தள்ளவும் கதவு திறந்தது.

நடுவர்கள் மூவர். தாடிக்காரர் டார்லாவின் முன் நின்று, உதட்டைப் பிதுக்கினார்.

"பாவம். இவ்வளவு பெரிசா போட்டுட்டு, கண்ணுல வெளிச்சம் வைக்க மறந்துட்டாங்களே. பாடம் ஒண்ணு!"

அடுத்த படத்துக்குப் போனார்கள். வெர்ன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பத்திரிகைக்காரி பக்கத்துப் படத்தை நோக்கிக் கேமராவை உயர்த்தினாள். பளிச். திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்க படமும் இதுல சேர்ந்து விழுந்துடுச்சு. பரவாயில்லையா?"

சிக்ரிட் கேமராவை வாங்கி, திரையில் டார்லாவின் முகத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். இரண்டு கண்ணிலும் சுத்த இருட்டு.

"தாராளமா போடுங்க" என்றாள்.