பொன்னி போடுகிற வீடு

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஆண்டவருக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போடவேண்டும். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் பின்கட்டில் ஒரு சாக்கை விரித்து, எல்லா டப்பாவையும் அதில் கொட்டுவோம். கஷ்டப்படுகிற வீடுகளுக்கு அது போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டுகிற நேரத்தில் அத்தனை பெண்களின் கண்ணும் சாக்கின் மேல்தான் இருக்கும். இவள் போட்டது ரேஷன், அவள் போட்டது நொய், இதோ இது பொன்னி. வாய் ஸ்தோத்திரம் சொல்லும், கண் அரிசியைத்தான் பார்க்கும்.

நான் பொன்னி போடுகிறவள்.

எண்பத்தொன்பதில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், என் வீட்டுக்காரர் ஏசுவடியான் வேலை பார்த்த கம்பெனியை லாக்-அவுட் செய்தார்கள். கேட்டில் பூட்டுத் தொங்கிய பிறகும் நான் பொன்னிதான் போட்டேன். போனஸ் வந்தபோது வாங்கிய மூட்டையின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை ஆண்டவருக்கென்று ஒதுக்கிவிட்டு நாங்கள் ரேஷன் அரிசி தின்றோம். பாதி பக்தி, பாதி வீறாப்பு. கம்பெனி மூடினாலும் கிருபாவதி வீடு அசையவில்லை என்று நாலு பேர் நினைக்கட்டும் என்றுதான். நினைத்தார்கள், நன்றாகவே நினைத்தார்கள். யார் வீட்டுக்கு அரிசி கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அன்னம்மாள் அக்கா, "கிருபா ஊட்டுக்கு இன்னா கொறச்சல்? பொன்னி போட்றா" என்றாள். நானும் மகாராணி மாதிரி தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து அதே தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ரேஷன் கடையில், "ஸ்டாக் வர்ல, திங்கக்கெழம வா" என்றுவிட்டார்கள். வீட்டில் அரிசி இல்லை, மாவு இல்லை. கடைத்தெருவில் போய்க் கடன் கேட்க இனி முகமும் இல்லை. பெரியவள் சுகிர்தா வெறும் டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சின்னவள் ஜாய்ஸி அப்போதுதான் காய்ச்சல் விட்டு எழுந்தவள். பாயில் படுத்துக்கொண்டு, "அம்மா, சோறு" என்றாள். அடம்பிடித்துக் கேட்டிருந்தால் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், அடுப்படிக்கு வந்தேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். ஸ்டவ்வில் அடைப்பெடுக்க ஊசி குத்தினேன், அதில் வைக்கத்தான் ஒன்றுமில்லை. போதகர் முதல் பால்காரர் வரைக்கும் எல்லோரும் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை. ஆண்டவர் பாத்துக்குவார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மனுஷர்களிடம்தான் அப்படி என்றில்லை.

"பாத்துக்கினுதான் கீற, நல்லாப் பாரு" என்றேன் கூரையைப் பார்த்து. "என் கொழந்த பாயில சுருண்டுகினு கெடக்குது, அத்தயும் பாரு. பொறுமையா இருன்னாங்க, இருந்தேன். உபவாசம் இருன்னாங்க. சோறே இல்லாத ஊட்ல இன்னா உபவாசம்? நீ கீறியா இல்லியா, அத்த மட்டும் சொல்லிடு."

பக்கத்து வீட்டு ரேடியோவில் சோப்பு விளம்பரம் வந்தது.

டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. இறக்கினேன். பாதி டப்பாவுக்கு மேல் பொன்னி, மூட்டையில் கடைசியாக மிஞ்சியது. காணிக்கையில் கை வைத்தால் குடும்பம் நாசமாய்ப் போகும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பயம் இல்லாமலா இருக்கும்? ஆனால் அரைகுறையாகப் பாவம் செய்வானேன் என்று அத்தனையையும் முறத்தில் கொட்டினேன். "கோவம் வந்தா என் மேல காட்டு, புள்ளைங்க மேல காட்டாத" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு உலையில் போட்டேன். உப்பும் மிளகாயும் புளியும் கரைத்து ஒரு ரசம் வைத்தேன்.

மத்தியானம் சுகிர்தா வந்தாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே யூனியன் பந்தலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் வந்தார். தட்டைப் பார்த்ததும் அவர் கை நின்றது. தெற்கத்திக்காரர், குரல் உயராது.

"ஏட்டி, பொன்னி ஏது?"

"டப்பாவுல இருந்தது."

கையை எடுத்துவிட்டார். "கர்த்தருக்குக் கொடுத்தத நாம திங்கவா? வீடு வெளங்குமா?"

"இப்ப மட்டும் ரொம்ப வெளங்கிக்கினு கீதா?"

அவர் ஜாய்ஸியைப் பார்த்தார். அவள் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி பந்தலுக்குப் போய்விட்டார். சுகிர்தா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். அவர் சோற்றை மூடி வைத்தேன். என் பங்கையும் அதோடு சேர்த்து வைத்தேன். சண்டை போட்டவளுக்குத்தான் தெரியும், ஜெயித்த பிறகு எவ்வளவு வலிக்கும் என்று.

அப்போதுதான் வாசலில் குடை தெரிந்தது. அன்னம்மாள் அக்கா, கஞ்சி போட்ட புடவையில், கையில் துணிப்பையோடு. எனக்குக் கோபம்தான் வந்தது. மாசக்கணக்கில் மன்றாடினேன், ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. தண்டனைக்கு ஆள் அனுப்ப மட்டும் இவ்வளவு அவசரமா!

"இன்னா கிருபா, டப்பா ரெடியா? இந்த மாசம் முன்னாடியே வாங்கிக்கலாம்னு வந்தேன்."

பொய்கள் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. எலி தின்றுவிட்டது. ஓதம் பட்டுப் புழு வைத்துவிட்டது. பாயில் தூங்கிப்போன ஜாய்ஸியின் கன்னத்தில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்குமேல் என்ன மறைக்க?

"இல்லக்கா. ஆக்கிட்டேன். புள்ளைங்களுக்குப் போட்டுட்டேன். நாலு பேர்கிட்ட சொல்லணும்னா சொல்லிக்கோ."

அவள் கத்துவாள் என்று நின்றேன். கத்தவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள்.

"மீதி கீதா?"

"இன்னாக்கா?"

"சோறு மீதி கீதான்னு கேட்டேன், கிருபா." தலை நிமிரவில்லை. "எங்க ஊட்டுக்காரர் பட்டறைக்கு ஆர்டரே உங்க கம்பெனிதான். நீங்க கேட்டாண்ட உக்காந்து கத்துறீங்க, பேப்பர்ல வருது. பட்டறக்காரன் எங்க போய்க் கத்துவான்? நேத்துலேர்ந்து அடுப்பு பத்த வெக்கில. வசூல்னு வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க... நீ பொன்னி போட்றவ, உன்னுதுல ரெண்டு பிடி எடுத்துக்கலாம்னு..." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அடிப்பாவி" என்றேன். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பொன்னி போட்றவளாம்! சிரித்துக்கொண்டே இருந்தேன், எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவளும் அழுதாள். பிள்ளை எழுந்துவிடப்போகிறதே என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம்.

மூடி வைத்த சோற்றை எடுத்து இரண்டாகப் பிரித்தேன்.

"உன் ஊட்டுக்காரருக்கு?"

"கர்த்தருடையத அவர் துன்ன மாட்டாராம். நீ துன்னு."

தட்டில் கை வைத்தவளுக்கு ஜெபம் சொல்ல வாய் வரவில்லை. "நீ சொல்லு" என்றாள். நான் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இது உன் சோறு. பசில துன்றோம், கோச்சிக்காத. ஆமென்." அன்றைக்கு முதல் தடவையாகத் தொண்டையில் சோறு இறங்கியது. குழம்பில்லை, கூட்டில்லை, வெறும் ரசம்தான். அத்தனை ருசி.

"நாளைக்கு இன்னாக்கா பண்றது?"

"தெர்லியே." கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள். "வரேன்னு நம்ம சங்கத்துப் புஷ்பாகிட்ட சொல்லி வெச்சிட்டேன். போவணும்."

"அவ ஊட்டுக்காரரும் எஸ்டேட்தானே?"

"ஆமா. ஆனா அவளும் பொன்னிதான் போட்றா."

சொல்லிவிட்டு அவளே என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ஜாய்ஸியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

வெயிலில் நடந்தபோது பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று உள்ளுக்குள் பறந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஒன்று தோன்றியது. காலையிலிருந்து நான் ஆண்டவரைக் கூரையைப் பார்த்துக் கூப்பிடுகிறேன். அவரோ வாசல் வழியாக வந்து, மீதி சோறு இருக்கிறதா என்று கேட்கிறார்.

அடுத்த தெருவில் புஷ்பா எங்களைப் பார்த்ததும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டாள். தலை வாரி, பவுடர் போட்டு, பல் தெரியச் சிரித்தாள்.

"வாங்கக்கா, வாங்க. இந்த மாசம் கொஞ்சம் கொறச்சலா கீது, கோச்சிக்காதீங்க."

அன்னம்மாள் அக்கா பழக்கத்தில் பையை விரித்தாள். நான் அந்தப் பையைப் பிடித்துத் தாழ்த்தினேன்.

"அத்த விடு. நீ சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா, ஆச்சு. இப்பதான்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"புஷ்பா, நான் இன்னிக்குக் காணிக்க அரிசிய ஆக்கித் துன்னுட்டு வந்து நிக்கறேன். இந்த அக்காவும் துன்னா. இப்ப சொல்லு, சாப்ட்டியா?"

புஷ்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உதடு கோணியது.

"இல்லக்கா" என்றாள்.

அன்னம்மாள் அக்கா அவள் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள்.