பிரியாணி மூடிக் கேடயம்

மறுநாள் கல்லூரி நாடகம், நான்தான் ராஜா. உம்மாவின் பிரியாணிச் சட்டி மூடிதான் கேடயம். அந்த அலுமினியத்தில் இரண்டு முறை சிவப்பு பெயிண்ட் அடித்தும், நகம் பட்டதும் தோலாக உரிந்தது. ஏன் என்று புரியாமல், வாளையாரில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் நாட்ராயனிடம் காட்டினேன்.

“இப்படி வழவழன்னு இருந்தா எதைப் புடிச்சு நிக்குங் கண்ணு? உப்புத்தாள்ல நல்லா உரசிட்டு, அலுமினியத்துக்கான பிரைமர் அடி.”

“அப்புறம் உரியாதுங்களா?”

“லாரி துருப்புடிச்சு மண்ணானாலும் உரியாது.”

நிஜம்தான். வாள்சண்டை முடிந்தும் கீறல் இல்லை. கிரீடத்தைக் கழற்றாமலே வீடு திரும்பினேன். உம்மா மூடியைக் கம்பி நாரால் அரைமணி நேரம் தேய்த்தார். சிவப்பு அசையவில்லை.

“இது மேல கனல் வெச்சா பிரியாணி பெயிண்ட் நாத்தம் அடிக்கும். இனி தம் போடறப்ப கனலை எங்கடா வெக்கறது, உன்ற தலை மேலயா?”

கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது வெறும் அட்டை.